கருவடிக்குப்பத்தில் ஒரு ஜப்பானிய ஞாயிற்றுக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர், காபிக்கடைப் படங்கள் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். புதுச்சேரியில் ஐந்து மணி நேரம் இருந்தேன், கடலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் போனது ஜப்பானிய மொழி பேச.

திருவண்ணாமலையில் நர்ஸாக இருக்கிறேன். வயது முப்பத்தாறு, ஜப்பானிய கார்ட்டூனான அனிமேவின் மேல் முற்றிய பைத்தியம். நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்காமல் பார்த்துப் பார்த்தே ஜப்பானிய மொழி கற்றவள். அந்தத் தைரியத்தில் ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டேன். மிச்சம் வியாழக்கிழமை வீடியோ நேர்காணல், முழுக்க ஜப்பானிய மொழியில். ஆனால் அதுவரை உயிருள்ள ஒரு ஜப்பானியரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மொழி மனிதர்களிடம் செல்லுபடியாகுமா என்றே தெரியாது. இதைக் கோட்டைவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் தெம்பும் இல்லை.

இணையத்தில் மொழிப் பயிற்சிக் குழு ஒன்றில் புலம்பியிருந்தேன். ஹிரோமி என்ற ஜப்பானியப் பெண் தமிழிலேயே பதில் போட்டார்: ‘நான் பாண்டியில இருக்கேன். ஞாயித்துக்கெழமை வாங்க.’

காலை 5.40 பஸ். செஞ்சி, திண்டிவனம் வழியாக நூற்றைந்து கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணி நேரம் பத்து நிமிடம். வழி முழுக்க வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட் அக்கா மந்திரம் சொல்வதாக நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார். உண்மையில் தமிழர்களுக்கு இந்த மொழி லேசு. ‘வதாஷி வா பாஸு தே கிமாஷ்தா’, ‘நான் பஸ்ல வந்தேன்’. வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை. ஆங்கில சப்டைட்டில்தான் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிக் குழப்புகிறது.

பஸ் நிலையம் அருகே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எழுபது ரூபாய். ஆட்டோவில் மீட்டரைப் பற்றிப் பேச்சே இல்லை.

“கருவடிக்குப்பம் போணும்ண்ணா. ஜப்பான்காரங்க ஒருத்தங்க வீடு.”

“சொல்தா வூட்டு மதாமா? ஏறும்மா. எரநூறு குடு.”

நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரை இங்கே ‘சொல்தா’ என்கிறார்கள். ஹிரோமியின் கணவர் லூயி இந்த ஊர்க்காரர், பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். பாரிஸில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டு, பத்து வருடத்துக்கு முன்னால் இங்கே வந்துவிட்டார்களாம். ஆட்டோக்காரர் வாயில் பிரெஞ்சு வார்த்தை இவ்வளவு சாதாரணமாக வந்தது எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் ‘கொன்னிச்சிவா’ என்ற ஒரு வணக்கத்தை இருபது தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தவர் ஹிரோமியேதான், என் வயதுப் பெண். “வாங்க வாங்க, வண்டி ஒடனே கெடச்சிதா?” என்றார், சுத்தமான பாண்டித் தமிழில். என் கொன்னிச்சிவாவுக்கு வேலையே இல்லாமல் போனது.

உட்கார்ந்ததும் நேரே பரீட்சைதான். “நான்தான் தாத்தா. சாப்பிட மாட்டேன்னு அடம் புடிக்கிறேன். இன்னா சொல்வீங்க?”

பட்டென்று சொன்னேன்: “தபேரோ!”

சமையலறையில் லூயிக்குப் புரையேறியது. ஹிரோமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். “கொட்டிக்கோடான்னு சொல்லிட்டீங்க. தாத்தா எழுந்து ஓடிப்புடுவாரு.” கத்தி சுழற்றும் கதாநாயகர்களிடம் பாடம் கேட்டால் இப்படித்தான் ஆகும். ‘மெஷியாகத்தே குதசாய்’, அதாவது ‘சாப்பிடுங்கய்யா’, என்று பத்து தடவை சொல்லவைத்தார். அப்படியே மூன்று மணி நேரம். நான் அதட்டியவையெல்லாம் மெல்ல மெல்ல மரியாதைக்கு வந்தன. சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டபோது வியாழக்கிழமையைப் பற்றிய பயம் பாதி போயிருந்தது.

கிளம்பும்போது கடைசியாக என் பெருமையைக் காட்ட நினைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, நன்றாகக் குனிந்து, ‘இத்தே கிமாஸ்’ என்றேன். இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். அச்சு அசல் நம் ‘போயிட்டு வரேன்’. ‘போறேன்’ என்று சொல்ல வாய் வராத நமக்கென்றே செய்த சொல் என்று எனக்குள் ஒரே கர்வம்.

ஹிரோமி விழித்தார். “இங்கயே தங்கப் போறீங்களா?”

எனக்குப் புரியவில்லை.

“அத சொந்த வீட்டை விட்டுக் கெளம்பறவங்கதான் சொல்வாங்க. வீட்ல இருக்கறவங்க ‘இத்தேராஷாய்’ம்பாங்க, போயிட்டு வாங்கன்னு. விருந்தாளிக்குச் சொல்ல மாட்டோம். நீங்க ‘ஷித்சுரே ஷிமாஸ்’, உத்தரவு வாங்கிக்கறேன்னு சொல்லணும், வேலை கேட்டுப் போற எடத்துலயும் அதான்.”

கூசிப்போய்விட்டேன். என் முகத்தைப் பார்த்து அவரே தொடர்ந்தார். “நான் வந்த புதுசுல வைத்திக்குப்பத்துலேர்ந்து ஒரு மீன்காரம்மா வருவாங்க. மொத நாள் மீனக் குடுத்துட்டு ‘வரேம்மா’ன்னாங்க. இன்னும் மீன் எடுத்தாறப் போறாங்கன்னு பாத்திரத்தோட வாசல்லயே நின்னேன். அரை மணி நேரம்!”

“நான் வந்து பாத்தப்பகூட நின்னுட்டிருந்தா,” என்றார் லூயி.

மூவரும் வாசலில் நின்று சிரித்தோம். பிறகு ஒழுங்காக ‘ஷித்சுரே ஷிமாஸ்’ சொல்லிவிட்டு இறங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் சிரிப்பு போய், மறுபடி வாக்கியங்களை முணுமுணுக்க ஆரம்பித்தேன். அகராதியில் சரியாக இருப்பது வாசலில் தப்பாகிறது என்றால், எனக்குத் தெரியாத வாசல்கள் இன்னும் எத்தனையோ.

என்னைப்போல் அனிமே பார்த்துக் கற்பவர்களுக்கு: பார்ப்பதை நிறுத்த வேண்டாம், காது பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். பத்தாயிரம் வசனம் கேட்ட பிறகாவது ஒரு மனிதரைத் தேடிப் போய்த் திட்டு வாங்குங்கள். ஞாயிறு மாலை ஊர் திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது, இரண்டு மணிக்குள் பஸ் நிலையம் போய்விடுவது நல்லது. இரு வழிக்கும் பஸ், ஆட்டோ, இட்லி எல்லாம் சேர்த்து அறுநூறுக்குள் முடிந்தது.

வியாழக்கிழமை நேர்காணலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, குளிக்க மறுக்கும் பாட்டியைப் பற்றிக் கேட்டார்கள். அதட்டாமல் பதில் சொன்னேன். முடிவில் ‘ஷித்சுரே ஷிமாஸ்’ என்று குனிந்தபோது திரையில் இருந்த மூவரும் குனிந்தார்கள்.

இருபது நாள் கழித்து, டியூட்டியில் இருக்கும்போது, வேலை உறுதி என்று மெயில் வந்தது. முதலில் ஹிரோமிக்குத்தான் போன் செய்தேன். கத்தினேன், அவரும் கத்தினார். வைக்கும் நேரத்தில் கவனமாக ‘ஷித்சுரே ஷிமாஸ்’ என்றேன், இந்தத் தடவை தப்பு பண்ணக்கூடாது என்று.

அந்தப் பக்கத்திலிருந்து ஹிரோமி, விருந்தாளிக்குச் சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னார்: “இத்தேராஷாய்.”

வார்டு வாசலில், யூனிஃபார்மோடு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்று அழுதேன்.