பன்னிரண்டு கார்களுக்கும் ஒரு பொட்டு

கிரெய்கிபர்னில் ஒரு தரிப்பிடம். சாரதியே இல்லாமல் ஓடும் பன்னிரண்டு டாக்சிகள் அங்கே வந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகும். ஓட்டத்தான் ஆள் வேண்டாம். சீற்றில் கொட்டிய கோப்பியைத் துடைக்க, வயரைச் செருக, கண்ணாடியை மினுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் ரஞ்சினி.

அதற்கு முன் ஒன்பது வருடம் கோழித் தொழிற்சாலையின் குளிர் அறையில் நின்றவள். விரல்கள் விறைத்துப் போய், போத்தல் மூடி திறக்கவும் வராது. இங்கே வந்த பிறகுதான் அவை ஒழுங்காக மடங்கின. ஆறு மாதம் முடிய, வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். அனுப்பினால் திரும்பவும் கோழிதான்.

அந்த ஆறாவது மாதத்தில் விஜயதசமி வந்தது. சோறு போடுகிற வாகனத்தைச் சும்மா விட மனம் கேட்குமா? விடிந்ததும் பன்னிரண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். எங்கே? முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் கறுப்பு வட்டத்தில். கார் வழி பார்ப்பதே அதால்தான்! தினமும் துடைப்பவளுக்கு அது தெரியாதா? தெரியும். பக்தி வந்தால் பயிற்சி வகுப்பு பறந்துவிடும்.

ஒரு காரும் அசையவில்லை. விஷயம் விளங்கியதும் தலைதெறிக்க ஓடி எல்லாவற்றையும் துடைத்தாள். கார்கள் இருபது நிமிடம் பிந்திப் புறப்பட்டன.

மேற்பார்வையாளர் பரீனா வந்தாள். நிந்தவூர்க்காரி, வயதில் இளையவள். "ஏன் லேட் எண்டு ஒபிஸ்ல கேக்கிறாங்க அக்கா. பனி படிஞ்சிருந்ததா?"

ஓம் என்றால் தப்பியிருக்கலாம். பொய் சொல்ல ரஞ்சினிக்கு மனம் வரவில்லை.

"இல்லைப் பிள்ளை. கார்களில பிழை இல்லை. நான்தான் பொட்டு வச்சனான்."

"பொட்டா? ஏன்?"

"என்ர விரலைத் திருப்பித் தந்தது இதுகள்தானே. நன்றி சொல்ல எனக்கு வேற என்ன தெரியும்?"

பரீனா குறிப்பேட்டை எடுத்தாள். பிறகு, "நடந்ததை நான் எழுதத்தான் வேணும். நீங்களே சொன்னீங்க எண்டும் எழுதுவன். அடுத்த வருசம் பின்பக்கமா வையுங்க," என்றாள்.

"அடுத்த வருசமோ?"

"கடிதம் நேத்தே வந்திட்டு அக்கா. நீங்க இனி நிரந்தரம்."

ரஞ்சினி அந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பரீனா பக்கத்தில் நின்று அவளுடைய முதுகைத் தடவினாள்.