நாற்பது வாட் பல்பு

அந்த விளக்கு வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல. அதை வைத்துக்கொண்டு படிக்க முடியாது, அரிசியில் கல் பொறுக்க முடியாது, கட்டிலுக்கடியில் போன செருப்பைத் தேட முடியாது. அது எதற்கெல்லாம் உதவாது என்று அம்மா ஒரு பட்டியலே வைத்திருந்தாள். தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. பெங்களூர் மர்பி டவுன் வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி என்று நான்கு பேர் இருந்தோம். விளக்கு சித்தியுடையது.

சித்தி பீன்யாவில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலையில் இருந்தாள். அவளுடைய பிரிவின் இன்ஜினியர் பயிற்சிக்காகச் சிங்கப்பூர் போய்வந்தபோது எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். சித்திக்கு மட்டும் இதைக் கொடுத்தார்.

"உனக்கு மட்டும் என்னாத்துக்குடி?" என்று அம்மா கேட்டாள்.

"சாக்லேட் தீந்துபோச்சாம்க்கா," என்றாள் சித்தி.

எனக்கு அது முற்றிலும் நியாயமான காரணமாகப் பட்டது.

பெட்டியில் லாவா லேம்ப் என்று எழுதியிருந்தது. கீழே தகரக் கூம்பு, அதற்குள் ஒரு நாற்பது வாட் பல்பு. மேலே நீண்ட கண்ணாடிக் குப்பியில் ஏதோ தெளிந்த திரவம். அதன் அடியில் சிவப்பு மெழுகு. குளிர்ந்திருக்கும்போது மெழுகு திரவத்தைவிடக் கொஞ்சம் கனம், அதனால் கீழே கிடக்கும். பல்பின் சூடு ஏறினால் இளகி விரிந்து இலேசாகும், மேலே போகும். மேலே சூடு குறைவு என்பதால் மீண்டும் கனத்து இறங்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை நான் தெரிந்துகொண்டது கல்லூரிக்குப் போன பிறகு. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தி வேலையிலிருந்து வந்து முகம் கழுவி ஸ்விட்சைப் போட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதுதான். அந்தக் காத்திருப்பு சித்திக்குப் பிடித்திருந்தது. கட்டிலில் படுத்து, என் தலையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பாள். முதலில் மெழுகு முனகுவதுபோல் லேசாகப் புடைக்கும். பிறகு ஒரு கழுத்து நீளும். கழுத்து அறுந்து ஓர் உருண்டை தனியாகக் கிளம்பும். வாத்து, அல்சூர் ஏரியின் நடுவிலிருக்கும் தீவு, எங்கள் பள்ளி வாட்ச்மேனின் தொப்பை என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவேன். சித்தி எதையும் சொல்லமாட்டாள். சிவப்பு வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்கும்.

அந்த நாட்களில் சித்தி வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் குட்டை, ஒருவருக்குச் சம்பளம் குறைவு, இன்னொருவர் காபியை உறிஞ்சிக் குடித்தார். அம்மா கவலைப்பட்டாள். எனக்குக் கவலையே இல்லை. சித்தி போய்விட்டால் விளக்கும் போய்விடுமே.

ஒரு நாள் சித்தி தார்வாட் பேடா டப்பாவோடு வந்தாள். இன்ஜினியருக்கு அவர் ஊரிலேயே பெண் நிச்சயமாகிவிட்டதாம். தொழிற்சாலை முழுக்க இனிப்பு.

"லேம்ப் குடுத்தாரே, அவரா?"

"அவர்தான்க்கா. எடுத்துக்கோ, நல்லாருக்கு."

பேடா உண்மையிலேயே நன்றாக இருந்தது. மறுநாள் விளக்கின் பல்பு ஃப்யூஸ் போய்விட்டதாகச் சித்தி சொன்னாள். அவளே கடைக்குப் போய் ஜீரோ வாட் பல்பு வாங்கிவந்து மாட்டினாள். படுக்கையறையில் விடிவிளக்காக எல்லோரும் போடுவதுதானே என்று அப்பாவும் பாராட்டினார், கரெண்ட் மிச்சம். விளக்கு எரிந்தது. மெழுகுதான் எழுந்திருக்கவில்லை. அடியில் குலாப் ஜாமூன் போல அப்படியே கிடந்தது.

"ஃபாரின் சாமானும் நம்மூருக்கு வந்தா சோம்பேறி ஆயிடுது," என்றாள் அம்மா.

நான் சில மாலைகள் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் முகத்தை மறுபடி இந்தப் பக்கம் திருப்ப வேண்டுமானால் ஓடுகிற விளக்கு ஒன்று வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் பெரிய வகுப்பு அக்காக்கள் செய்து காட்டியது நினைவிருந்தது. வேண்டியவை: வாயகன்ற பாட்டில், கால் பங்கு தண்ணீர், மீதிக்குச் சமையல் எண்ணெய், கொஞ்சம் கேசரிப் பவுடர், தலைவலிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை தங்கவயலிலிருந்து ஒரு வரன் வருவதாக இருந்தது. இதையும் தட்டிக்கழித்தால் இனி யாரையும் கூப்பிடப்போவதில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். அவள் கேசரி கிளறிக்கொண்டிருந்த நேரம் பார்த்து எண்ணெயையும் பவுடரையும் கேட்டேன். பேச நேரமில்லாமல் கொடுத்துவிட்டாள். மாத்திரையைச் சித்தியே கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தாள்.

"இது தீந்தா நின்னுடுமா?"

"நின்னுடும் சித்தி. வேற போடணும்."

"அதுவும் நல்லதுதான்," என்றாள்.

வந்தவர்கள் மூன்று பேர்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வெந்நீர் கீசர் மாட்டுவதும் ரிப்பேர் செய்வதும் வேலை. கேசரி வந்தது, காபி வந்தது, பிறகு யாருக்கும் பேச ஒன்றும் வரவில்லை. அந்த இடைவெளியில் நான் பாட்டிலோடு நுழைந்தேன்.

"இது என்ன பாப்பா, கசாயமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாத்திரைத் துண்டைப் போட்டேன். அது எண்ணெயைத் தாண்டி அடியில் நின்ற தண்ணீரைத் தொட்டதும் நுரைத்தது. குமிழிகள் ஆரஞ்சுத் துளிகளைத் தூக்கிக்கொண்டு எண்ணெய்க்குள் மிதந்து போயின. மேலே குமிழி உடைய, துளிகள் சாவகாசமாக இறங்கின. மாப்பிள்ளை நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். சாவிக்கொத்திலிருந்த சின்ன டார்ச்சைப் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்தார். அறையே ஆரஞ்சாக மிதந்தது. அது அடங்கும்வரை அவர் டார்ச்சை அணைக்கவில்லை.

"இதவிட அழகா ஓடுறது சித்திகிட்ட இருந்துச்சு. இப்ப ஓடாது," என்று அலமாரியில் எரிந்துகொண்டிருந்த விளக்கைக் காட்டினேன்.

அவர் எழுந்துபோய்க் குப்பியின் அடியில் உள்ளங்கையை வைத்தார். தொட்டுச் சூடு பார்ப்பதுதானே அவர் தொழில்.

"ஜில்லுனு இருக்கே. எந்த பல்புங்க போட்டிருக்கீங்க?"

"ஜீரோ," என்றாள் சித்தி.

"நாப்பது போட்டா ஓடும்."

"தெரியும்."

அவர் சித்தியை ஒரு கணம் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியில் தன் கை பட்ட இடத்தைத் துடைத்தார்.

"ஓட வேணாம்னா இருக்கட்டும்ங்க. இதுவும் வெளிச்சந்தானே," என்று சொல்லிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் குடித்தார். உறிஞ்சித்தான் குடித்தார்.

அவர்கள் போனதும் சித்தி சம்மதம் சொன்னாள். அம்மா நம்பாமல் இரண்டாம் தடவையும் கேட்டாள். எல்லாம் என் பாட்டிலின் மகிமை என்று நான் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி மறுவீட்டு விருந்து முடிந்து கிளம்பும்போது ஆட்டோவில் பெட்டி, பாத்திரங்கள், சித்தி, சித்தப்பா எல்லாம் ஏறியாயிற்று. டிரைவர் கன்னடத்தில் "ஹோகோணா?" என்று கேட்டுக் கிளப்பப் போனபோதுதான் அலமாரியில் விளக்கைப் பார்த்தேன். கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"சித்தி, லேம்ப்ப மறந்துட்ட."

சித்தப்பா டிரைவரிடம் வழி சொல்ல ஆரம்பித்தார். சித்தி ஆட்டோவிலிருந்து கை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள்.

"அது உனக்குத்தான்டி. தையல் மெஷின் டிராயர்ல பல்பு இருக்கு. போட்டுப் பாரு."

டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றிய பல்பு இருந்தது. தகரக் கூம்புக்குள் முதலில் இருந்த அதே பழைய பல்பு. அப்பா அதை மாட்டித் தந்தார். எரிந்தது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் மெழுகு புடைத்தது, கழுத்து நீண்டது, முதல் உருண்டை கிளம்பியது.

"அம்மா, ஃப்யூஸ் போன பல்பு தானா நல்லாயிடுச்சு," என்று கத்தினேன்.

அம்மா சித்தியின் கட்டிலில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். விளக்கைப் பார்த்தாள். மடித்த விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நாள் ஓய்வு கொடுத்தால் பல்புகள் குணமாகிவிடும் போலிருக்கிறது என்று அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.