பஞ்சிங் பேக்கில் இரும்புத்தூள்

என் மனைவியின் தம்பியுடைய வலது கையை உடைத்தவன் நான். அடித்து உடைக்கவில்லை, என் குத்துக்கு அப்பளம் நொறுங்கினாலே ஆச்சரியம். படித்து உடைத்தேன்.

அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், ஊறவைத்த தோல்களைத் தொட்டியிலிருந்து இழுத்துப் போடும் வேலை. காலையில் மலைக்கோட்டையைச் சுற்றி ஓட்டம், பகல் முழுக்கத் தோல், மாலையில் பாக்சிங். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. டவுன் பஸ்ஸில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலோடு ஒட்டிக்கொள்வார். மாவட்டத் தேர்வுப் போட்டியில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போனால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. தோற்றால் ஆயுசுக்கும் தோல் தொட்டிதான்.

அவனுடைய கோச் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “உங்க மச்சினன் கை நல்லா வேகமாப் போகுது சார். ஆனா போய்ச் சேந்ததுக்கப்புறம் அங்க ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. தபால் குடுத்துட்டு வாரவன் மாதிரி வாரான்.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நான் வாசிக்கும் பழக்கம் உள்ளவன். ஒரு வாரம் வாசித்தேன். குத்தின் பலம் கையில் இல்லை. பின்னங்காலின் குதிகால் திரும்புவதில் தொடங்கி, இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறி, கடைசியாகத்தான் முஷ்டிக்கு வருகிறது. அதுவரை முஷ்டி தளர்வாக இருக்க வேண்டும், படும் கணத்தில் இறுக வேண்டும். இதெல்லாம் சரிதான். கனமான பேக்கைக் குத்தினால் கனமான குத்து வரும் என்பதையும் வாசித்துத் தொலைத்தேன்.

பேக்கை அவனே தைத்தான், ஷாப்பில் கழித்துப் போட்ட தோலில். பழந்துணி அடைத்து எங்கள் வீட்டு வேப்ப மரத்தில் தொங்கவிட்டால் காற்றுக்கே ஆடியது. எடை வேண்டும். தெருமுனையில் ஒரு பூட்டுப் பட்டறை. அரம் போட்டு உதிர்ந்த இரும்புத்தூள் மூலையில் குவிந்து கிடந்தது. அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். வேறு ஊரில் பிறந்திருந்தால் இந்த யோசனையே எனக்கு வந்திருக்காது.

“இரும்பா மாமா? கைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஏலே, தூள்தானே மாப்ள. மைதா மாவு மாதிரி இருக்கு. நடுவுல போட்டுச் சுத்தித் துணிய வச்சா என்ன ஆகப்போகுது?”

“நீங்க படிச்சவுக. சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

என்னைப் பற்றி இதுவரை யாரும் இதைவிட மோசமாகச் சொன்னதில்லை.

முதல் மூன்று வாரம் நான் சொன்னதே நடந்தது. “இப்பத்தான் கதவத் தட்டுற சத்தம் கேக்குது” என்றார் கோச். நான் தெருவில் சற்று நிமிர்ந்து நடந்தேன்.

பிறகு நான்கு நாள் மழை. பேக்கை இறக்கி உள்ளே வைப்போம் என்றான். தூக்க இரண்டு ஆள் வேண்டும். எனக்கு முதுகு வலி. யார் வீட்டுச் சடங்குக்கோ அடித்த பழைய ஃப்ளெக்ஸ் பேனரை அதைச் சுற்றிக் கட்டினேன். சங்கிலி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. தூள் அடியில் போய்ச் சேர்ந்து, துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி, வெயில் வந்ததும் கல்லாகிவிட்டது. வெளியே தோல் அப்படியே இருந்தது. ஈர இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன்.

தேர்வுப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து க்ளவுஸ் மாட்டினான். பேக்கின் அடிப்பக்கம் பார்த்து, விலாவுக்குப் போடும் வலது கை ஹூக்கைப் பழகினான். “காலத் திருப்பு மாப்ள, கால!” என்று கத்தியவன் நான். திருப்பினான். நான் வாசித்தது அத்தனையும் அந்தக் குத்தில் இருந்தது. அவன் கத்தவில்லை. கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார்கள். வேண்டாமென்று துணிக்கட்டோடு எழுந்து வந்துவிட்டான்.

“கை போச்சுன்னா ஷாப்புலயும் சேக்க மாட்டாகலே” என்றாள் என் மனைவி. அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் சோறு போட்டாள், பேச்சு இல்லை.

“லெஃப்ட் இருக்குல்ல மாமா. ரைட்டச் சும்மா காட்டிக்கிட்டே இருப்பேன். எதுத்தாப்புல நிக்கிறவன் அதயே பாத்துக்கிட்டு இருப்பான்” என்றான் அவன். ஒன்பது நாளும் அவன் குத்துவதற்கு நான் பேட் பிடித்தேன். இடது கை கிளம்புவது கண்ணில் படுவதற்குள் பேடில் சத்தம் கேட்டது. ஜெயித்துவிடுவான் என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

தேர்வன்று சண்டைக்கு முன் மருத்துவப் பரிசோதனை. வரிசையில் அவனுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நான். துணிக்கட்டைக் காலையிலேயே பிரித்திருந்தான். வீக்கம் ஏறக்குறைய வற்றியிருந்தது. டாக்டர் கைகளை நீட்டச் சொல்லி ஒவ்வொரு முட்டியாக அழுத்தினார். இடது கை. பிறகு வலது. அந்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் இறங்கியபோது அவன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கண்கூட இமைக்கவில்லை.

“ஸ்ஸ்...”

சத்தம் என் வாயிலிருந்து வந்தது.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அதே இடத்தை இன்னொரு முறை, பலமாக அழுத்தினார்.

“எப்பப்பா ஆச்சு?”

“சார், ஒரே ஒரு ரவுண்டு விட்டுப் பாருங்க சார்.”

“அடுத்த ஆள் வா.”

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் அவன் அக்கா ஒன்பது நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

“என்னலே ஆச்சு?”

“டாக்டர் கெட்டிக்காரரு அக்கா. தொட்டதும் கண்டுபிடிச்சுட்டாரு” என்றான்.

எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. இப்போதும் அதே ஷாப்தான். ஈரத் தோல் வலது கையில் நிற்காமல் வழுக்குகிறது என்று கேள்வி. அந்தச் சத்தத்தைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும். நான் மன்னிப்புக் கேட்க நாலைந்து முறை வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். எழுதிப் பிழைப்பவனுக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் எப்படி அமைத்தாலும், அன்று அவன் கையை நான் காப்பாற்றிவிட்டேன் என்கிற தொனி எங்காவது ஓரிடத்தில் எட்டிப் பார்க்கிறது.