கரண்ட் போவதற்காகக் காத்திருந்த கேமரா

கணினியில் படம் பார்க்கும்போது அத்தான் நாற்காலியை மேசையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டுக்கொள்வார். கண் சரியில்லாதவர்கள் திரையில் மூக்கு இடிக்கும்படி குனிவார்கள். இவர் சுவரோரம் போய் உட்காருவார். அவருக்கு வந்த நோய் அப்படி. முதலில் இருட்டில் பார்க்கும் சக்தி போயிற்று. பிறகு பார்வையின் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, நடுவில் ஒரு சாவித்துவாரம் மட்டும் மிஞ்சியது. கிட்டே போனால் படம் பெரிதாகி அந்தத் துவாரத்துக்குள் அடங்காது. தள்ளி உட்கார்ந்தும் ஒரே பார்வையில் முழுப்படமும் கிடைக்காது. இடது மேல் மூலையில் தொடங்கி, தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு வருவார். பக்கத்தில் இருக்கிற எனக்குப் பொறுமை போய்விடும். அவருக்கு ஒரு நாளும் போனதில்லை.

அவர் என் அக்காவின் கணவர். துறைமுக அலுவலகத்தில் வேலை. திருநெல்வேலியில் கல்யாணம் முடித்து அக்காவைக் கல்கத்தாவிலுள்ள பெஹாலாவுக்குக் கூட்டிவந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது அங்கே லோட்ஷெடிங் இல்லாத நாளே கிடையாது. கரண்ட் போனதும், அந்த ஊர் வழக்கப்படி தாதா, பௌதி என்று இவர்கள் கூப்பிடும் வீட்டுக்கார அண்ணனும் அண்ணியும் பாயும் அரிக்கேன் விளக்குமாக மொட்டைமாடிக்கு ஏற, இவர்களும் பின்னாலேயே போவார்கள். புதுப் பெண்டாட்டியை விட்டுவிட்டு இந்த மனுஷன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று அக்கா கேலி செய்வாள். பிறகு இருட்டு அவருக்குச் சுவராகிவிட்டது. ஒரு நாள் மாடிப்படியில் எல்லோர் முன்னாலும் இடறி விழுந்தார். பௌதி ஓடிவந்து, குழந்தையை நடத்துவது போல் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அந்த அம்மாள் செய்தது நல்ல மனதோடுதான். ஆனால் அத்தான் அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் மாடிப் பக்கமே போகவில்லை. மறுமாதமே வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டார். அவர் போகாததால் அக்காவும் போவதில்லை. கரண்ட் போனால் இரண்டு பேரும் மின்விசிறியடியிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்து நான் கல்கத்தா வந்து அவர்களோடு தங்கினேன். மிச்சமிருக்கும் பார்வையும் சில வருஷங்களில் போய்விடும் என்று அலிப்பூரில் ஒரு டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். அத்தான் அழவில்லை, யாரையும் நோகவில்லை. ஒரு டிஜிட்டல் கேமராவை வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். கரண்ட் போன பெஹாலாவின் வானத்தை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. வெளிச்சம் இருக்கும்போதே மேலே கொண்டுபோய் வைத்துவிடலாம், விடிந்ததும் எடுத்துவந்து பகலில் பார்த்துக்கொள்ளலாம், ராத்திரி முழுவதும் அதுவே எடுத்துக்கொள்ளும்படி நான் ஒரு நிரல் எழுதித் தரவேண்டும் என்றார். யார் கையையும் பிடிக்காமல் மாடிக்குப் போக அவர் கண்டுபிடித்த வழி அது என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

இன்றைக்கு என் கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொட்டால் நாலைந்து படம் எடுத்து, ஒட்டி, அழகுபடுத்தியே கொடுத்துவிடுகிறது. அன்று ஒவ்வொன்றையும் நாமேதான் யோசிக்க வேண்டியிருந்தது. தெருவிளக்கு எரியும்போது கேமரா நெடுநேரம் கண் திறந்திருந்தால் படம் வெளுத்துப் பாலாகிவிடும். விளக்கு அணைந்தபின் சட்டென்று மூடினால் வெறும் கறுப்புத்தான். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஒவ்வொரு தடவையும் மூன்று படம் எடுக்கும்படி எழுதினேன். ஒன்று கண் சிமிட்டும் நேரம், ஒன்று கொஞ்சம் நிதானமாக, மூன்றாவது அரை நிமிடம். எந்த நேரத்தில் இருட்டினாலும் மூன்றில் ஒன்று தப்பாது. கேமராவோடு கட்டிவைத்த என் பழைய மடிக்கணினியைத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் பிளாஸ்டிக் போர்த்தி வைத்தோம். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, கீழேயிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்திருந்தோம். கரண்ட் போன முதல் ராத்திரியே எல்லாம் சேர்ந்து நின்றுவிட்டது. இருட்டைப் படம் பிடிக்கப் போனவர்கள் கரண்டை நம்பிப் போயிருக்கிறோம். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்வெர்ட்டரை அதுக்கே குடுத்திருங்க. நான் வேர்த்துக்கிட்டுக் கிடக்கேன்" என்றாள்.

வைகாசியில் ஒரு நாள் பிற்பகலில் அங்கே கால்பைசாகி என்று சொல்லும் கோடைப் புயல் அடித்து, மழை கொட்டி, பொழுது சாய்வதற்குள் வானம் கழுவிவிட்டது போல் ஆகிவிட்டது. அத்தான் அவசர அவசரமாகக் கேமராவை மேலே வைத்துவிட்டு வந்தார். எனக்கு அன்று இரவு ஷிஃப்ட். நான் கிளம்பிப் போனபின் கரண்ட் போயிருக்கிறது. இன்வெர்ட்டர் கேமராவுக்குப் போய்விட்டதால் வீட்டில் விசிறி ஓடவில்லை. புழுக்கத்தில் கிடக்காமல் மேலே போய்க் காற்று வாங்கு என்று அக்காவை அனுப்பிவிட்டு, அத்தான் இன்வெர்ட்டருக்குக் காவலாக இருட்டில் தனியே உட்கார்ந்திருந்தாராம். விளக்கு அணைந்தால் அந்த வீடே மாடிக்கு ஏறிவிடும் என்பதை நாங்கள் அடியோடு மறந்திருந்தோம். இத்தனை வருஷம் எங்களுக்கு விசிறி ஓடிக்கொண்டிருந்ததே!

காலையில் நான் திரும்பியபோது பௌதி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ராத்திரியெல்லாம் உங்கள் கேமரா எங்களைப் படம் பிடித்திருக்கிறதாமே, எனக்கும் ஒரு படம் வேண்டும் என்றார். ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன். படங்களைப் போட்டுப் பார்த்தால் பயந்தபடியே ஆகியிருந்தது. குறைந்த நேரப் படங்களில் ஒன்றுமே இல்லை. அரை நிமிடப் படங்களில் மாடி முழுக்க ஆள், நடுவில் அரிக்கேன். தாதாவும் பௌதியும் மற்றவர்களும் கையை ஆட்டி, எழுந்து நடந்து, அரட்டையடித்ததில் வெறும் வெண்புகையாகியிருந்தார்கள். இத்தனை நாள் பாடு இப்படிப் போயிற்றே என்று எனக்கு அழுகை வந்தது. கெட்டுப்போயிற்று அத்தான் என்றேன். பரவாயில்லை, போடு என்று சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் கண் வழக்கம்போல் மேல் மூலையில் தொடங்கியது. அங்கே நட்சத்திரங்கள் இருந்தன, அவர் நினைத்ததைவிட நிறையவே. ஒவ்வொன்றிலும் நின்று நின்று வந்தார், உதடு மட்டும் அசைந்தது. பிறகு கீழே இறங்கினார். புகைகளைத் தாண்டிக் கைப்பிடிச் சுவரோரம் வந்ததும் தலை நின்றுவிட்டது. அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள். அத்தனை பேரும் கலைந்துபோன படத்தில் அவள் மட்டும் கல்லில் செதுக்கியது போல், புடவைக் கரை தெரிகிற அளவுக்குத் தெளிவாக, வானத்தைப் பார்த்து நின்றாள். அடுத்த படத்தைப் போடச் சொன்னார். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

அக்கா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் திரும்பாமலே, "ஏன் இப்படி அசையாம நின்ன?" என்று கேட்டார்.

"எல்லாரும் கரண்டு எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ," என்றாள் அக்கா. "எனக்கு அது வந்திரக் கூடாதுன்னு இருந்துச்சு. நீங்க கீழ தனியா காத்துக்கிட்டு இருந்திய. நான் அசைஞ்சா வந்திருமோன்னு ஒரு பயம்."

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அத்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அடுத்த தடவ கரண்டு போனா என்னையும் கையப் புடிச்சு மேல கூட்டிட்டுப் போ. யாரு பாத்தா என்ன" என்றார்.

அந்த வாரத்திலேயே போனது. கேமராவை யாரும் தேடவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக ஏறினார்கள், நான் பின்னால் போனேன். பௌதி பாயில் நகர்ந்து இடம் கொடுத்தார். அத்தான் உட்காரவில்லை. கைப்பிடிச் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டு, தன் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத வானத்தின் பக்கம் முகத்தைத் தூக்கி, என்ன தெரிகிறது என்று கேட்டார். அக்காவுக்கு ஒரு நட்சத்திரத்தின் பெயரும் தெரியாது. தென்னை மரத்துக்கு மேலே பெரிதாக ஒன்று இருக்கிறது, அதற்கு இரண்டு பக்கமும் சின்னதாக ஒவ்வொன்று என்றாள்.

"பெருசு சிவப்பா இருக்கா?"

"ஆமா. சிவப்பாத்தான் இருக்கு."

"அப்ப அதுதான் கேட்டை," என்றார் அத்தான்.