சியோம்புவா தேர்ந்தெடுத்த கணினி

சியோம்புவாவை எங்கள் அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்த மகன் பெயரைச் சேர்த்து கியோகோ அம்மா என்போம். நைரோபியில், ங்கோங் சாலைக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் பதினொரு வருடம் அவர் வெள்ளக் கணக்குப் போட்டார். அணை உடைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் பாயும், எத்தனை நிமிடத்தில் எந்தப் பாலத்தைத் தொடும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பார். அதை வாடிக்கையாளருக்குப் புரிகிற படமாக்குவது என் வேலை. ஆறு வருடம் எதிர் மேசையில் உட்கார்ந்து, அவர் டப்பாவிலிருந்து சப்பாத்தி பிய்த்துத் தின்றவன் நான்.

கணினிகள் கிழடு தட்டிவிட்டன. ஒருநாள் தேநீர் வேளையில் முதலாளி முரியூகி வந்தார்.

"கியோகோ அம்மா, புது மெஷின் வாங்கறோம். எது வேணும்னு நீங்களே பாத்து எழுதிக் குடுங்க. உங்களவிட யாருக்குத் தெரியும்?"

பதினொரு வருடத்தில் அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. ஒரு வியாபாரியைக் கெஞ்சிக் கூத்தாடி, அவர் கடையிலேயே இரண்டு மெஷின்களைச் சோதிக்க அனுமதி வாங்கினார். நான்கு நாள் மட்டாட்டு என்கிற ஷேர் வேன் பிடித்துப் போய், எங்கள் வெள்ளக் கணக்கு ஒன்றையே இரண்டிலும் ஓட்டி, நேரத்தை நோட்டில் குறித்தார். இரண்டு பக்க அறிக்கை எழுதி முதலில் என்னிடம்தான் காட்டினார். ஒரே பிராசசர், அதன் எட்டு மெமரி இடங்களும் நிரம்பியிருக்க வேண்டும், படம் போடும் வேலையைப் பழைய மெஷின்கள் பார்த்துக்கொள்ளட்டும். இதுதான் சாரம்.

முரியூகி ஊரில் இல்லாத அன்று நடந்த கூட்டத்தில் கிமெலி அதை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு படித்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு மேலாளராக வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"ஒண்ணு பெருசா, ரெண்டு பெருசா, கியோகோ அம்மா? ரெண்டு பிராசசர் மெஷின் இருக்கறப்ப எதுக்கு ஒண்ணு?"

"படம் போட ரெண்டு நல்லது சார். தண்ணிக் கணக்குக்கு ஆகாது. மெமரியும் ரெண்டாப் பிரிஞ்சிடும். இதுகிட்ட இருக்கறத அது கேக்கும், அதுகிட்ட இருக்கறத இது கேக்கும். பாதி நேரம் அதுலயே போயிடும்."

"ஓ, ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடு மாதிரி. உங்களுக்குத் தெரியாததா."

அறையே சிரித்தது. அவர் கணவர் மச்சாகோஸில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தார். கிமெலிக்கு அதைச் சொன்னவன் நான்தான்.

சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். "அளந்து பாத்ததத்தான் சார் எழுதியிருக்கேன்" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வாங்கியது இரண்டு பிராசசர் மெஷின். பதினாறு மெமரி இடங்களில் பக்கத்துக்கு நான்காக எட்டைத்தான் நிரப்பினார்கள், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. பழைய மெஷின் இருபத்திரண்டு மணி நேரத்தில் முடித்த கணக்கைப் புதியது இருபது மணி நேரம் இழுத்தது. புது மெஷினை நம்பித் தண்ணீர் நிறுவனம் ஒன்றுக்கு ஒத்துக்கொண்ட வேலை இரண்டு நாள் தவறியது. அவர்கள் வேறு ஆளிடம் போய்விட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று மாலை கிமெலி என்னைக் கூப்பிட்டு, அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் திருத்தி அடிக்கச் சொன்னான். இரண்டு பிராசசர் மெஷினையே பரிந்துரைப்பதாக இருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கையெழுத்திருந்த இரண்டாம் பக்கத்தை அவன் அப்படியே வைத்துக் கோத்துக்கொண்டான்.

மறுநாள் காலை, கிமெலிக்குப் பயந்த எங்கள் எல்லோர் முன்னாலும் முரியூகி அவரிடம் தாளை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னோடது. இந்த மொதப் பக்கம் என்னோடது இல்ல."

"அப்ப யாரு, பேய் வந்து எழுதிச்சா?"

கியோகோ அம்மா என் பக்கம் திரும்பினார். "அமிமோ, உங்கிட்டதானே மொதல்ல காட்டினேன். என்ன எழுதியிருந்தேன்னு சொல்லுப்பா."

"எனக்கு ஞாபகமில்ல, கியோகோ அம்மா."

முரியூகி அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார். லிஃப்ட் வாசலில் காவலாளியை விட்டு அவர் பையைத் திறக்க வைத்தான் கிமெலி. சாப்பாட்டு டப்பாவையும் விடவில்லை. "மெமரிய சோத்துக்குள்ள ஒளிச்சிருந்தா?" என்றான். காவலாளி கரண்டியால் கிதேரியைக் கிளறிப் பார்த்தான். மக்காச்சோளமும் அவரைக்கொட்டையும்தான் இருந்தன. அவர் டப்பாவை மூடி, ரப்பர் வளையத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அடுத்த வாரம் அவர் நாற்காலி எனக்கு வந்தது. இழுப்பறையில் அவர் சோதனை நோட்டு கிடந்தது. அதன்படி ஒரு பிராசசரைக் கழற்றி எடுத்தேன். எட்டு மெமரியையும் மிச்சமிருந்த பிராசசரின் பக்கத்திலேயே சொருகினேன். கணக்கு ஒன்பது மணி நேரத்தில் முடிந்தது. முரியூகி என் தோளைத் தட்டி, "இத்தன நாளா இவன படம் போட விட்டு வச்சிருந்தேனே" என்றார். சம்பளம் ஏறியது. நோட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பணிச் சான்றிதழ் கேட்டு மூன்று திங்கட்கிழமை கியோகோ அம்மா வெளிவாசலில் வந்து நின்றார். அது இல்லாமல் வேறெங்கும் எடுக்க மாட்டார்கள். முரியூகி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நிக்கட்டும். கால் வலிச்சா தானே போயிடுவாங்க" என்றார். அந்த மூன்று நாளும் நான் பின்பக்கக் கார் நிறுத்தம் வழியாகச் சாப்பிடப் போனேன். நான்காவது திங்கட்கிழமை அவர் வரவில்லை. கியோகோ படிப்பை நிறுத்திவிட்டு பைக் டாக்ஸி ஓட்டுவதாகக் காவலாளி சொன்னான்.

போன வருடம் ஒரு சாவுக்காக மச்சாகோஸ் போயிருந்தேன். அடையாள அட்டைக்கு நகல் தேவைப்பட, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடைக்குள் நுழைந்தேன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் அவர் நின்றார். முடி பாதி நரைத்திருந்தது.

"கியோகோ அம்மா, நான் அமிமோ."

"தெரியுது. பின்பக்கமும் எடுக்கணுமா?"

"எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பின்னால் ஒரு கிழவர் ஏதோ விண்ணப்பத்தோடு நின்றிருந்தார். கிழவர் கையிலிருந்த தாளை வாங்க கியோகோ அம்மா என்னைத் தாண்டிக் கை நீட்டினார்.