கரைக்காற்று வந்த திசை

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதக் கடைசி. மழை இதோ அதோ என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள். அலுவலக வேலையாக போர்ட் பிளேரிலிருந்து திக்லிப்பூருக்குப் போயிருந்தேன். பாராடாங்கில் படகுக்குக் காத்திருந்து, பஸ்ஸில் குலுங்கி, பகலெல்லாம் காட்டைப் பார்த்துக்கொண்டே போனால் வருகிற வடக்கு அந்தமான். போன வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. எனக்குக் கையில் ஒரு பகல் சும்மா கிடைத்தால் போதும், கால் தரையில் நிற்காது. ஐம்பதை நெருங்கியும் அடங்காத கால்.

வடமேற்குக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடலுக்குள் ஆளில்லாத ஒரு சின்னத் தீவு இருக்கிறது, அங்கே ஒரு சிப்பி மேடு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தமானின் ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்து சிப்பியும் மீனும் சுட்டுத் தின்று, ஓடுகளை அங்கேயே போட்டு, அது ஒரு மேடாகவே வளர்ந்துவிட்டதாம். கோயிலில்லை, கோட்டையில்லை. பசியாறிய இடமே சின்னமாக நிற்கிறது என்பது எனக்கு என்னவோ செய்தது. பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

மீன்பிடிக்கும் ஒரு தம்பதி தங்கள் டிங்கியில் கூட்டிப்போகச் சம்மதித்தார்கள். அண்ணன் என்று நான் கூப்பிட்ட கணவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கல்யாணத்துக்காகத் தீவுக்கு வந்தவர். அவர் மனைவியான அக்காவின் அப்பாவும் அந்தக் கரைக்காரர்தான். ஆனால் அக்கா பிறந்தது, ஜெபம் படித்தது, வலை இழுத்தது எல்லாம் இங்கே. மெயின்லேண்டை, அதாவது இந்தியப் பெருநிலத்தை, கண்ணால் கண்டதில்லை.

"நாள் பூரா இந்தி பேசிப் பேசி நாக்கு வழுக்கிருச்சு மேடம். தமிழாளு வந்தா வாய்க்கே ஒரு ருசிதான்" என்றார் அக்கா.

"ருசின்னா விடமாட்டா. நீங்க இறங்குறதுக்குள்ள காது புளிச்சிரும், பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணன், எஞ்சினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தத் தீவு உண்மையில் இரண்டு துண்டு. நடுவே ஒரு மணல்திட்டு. கடல் வற்றும்போது மேலே வரும், ஏறும்போது மறையும். டிங்கியைப் பெரிய துண்டில் இழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் எஞ்சினைக் குடைய உட்கார்ந்தார். சிப்பி மேடு இருந்தது சின்னத் துண்டில். நான் மணலில் இறங்கியபோது அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மேடம், கரைக்காத்து எழும்புச்சுன்னா அங்க நிக்கவே நிக்காதீங்க. ஓடி வந்துருங்க. தண்ணி ஏறுற நேரம், அதுவும் சேந்துச்சுன்னா மணல மூடிரும்."

தலையாட்டினேன். நல்ல தமிழ்ச் சொல்தானே, இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? என் அப்பா அம்மா மதுரைக்காரர்கள், அரசாங்க வேலைக்காகக் கப்பலேறி வந்தவர்கள். நான் வளர்ந்தது போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில். மீனவர்களின் காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு என்பதுகூட எனக்குத் தெரியாது.

மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்தேன். காலடியில் வெயிலில் வெளுத்த ஓடுகள், அவற்றுக்கடியில் சாம்பல் கலந்த கறுத்த மண். ஒரு பானை ஓட்டில் யாரோ கோடு கிழித்திருந்தார்கள். எடுத்து, தடவிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். இதே சரிவில் ஒருத்தி உட்கார்ந்து ஓட்டைத் தட்டித் திறந்திருப்பாள். பக்கத்தில் யாராவது சிரித்திருப்பார்கள். சூடு பொறுக்காமல் ஒரு பிள்ளை விரலை ஊதியிருக்கும். எந்த மொழியில் ஊதினாலும் காற்று ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டேன். தாழை மடல்கள் உரசிக்கொண்டன. வாய் பிளந்து கிடந்த ஓடுகளுக்குள் காற்று புகுந்து, கேட்கிறதா இல்லையா என்பதுபோல் மெல்ல ஊளையிட்டது. சரிவில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

காற்று வலுத்தது. எழுந்து பார்த்தேன். கிழக்கே வடக்கு அந்தமானின் காடு கறுப்பாகக் கிடந்தது. அதுதான் கரை. அங்கிருந்து மூச்சுகூட வரவில்லை. காற்று வந்தது மேற்கே, திறந்த கடலிலிருந்து. அக்கா சொன்னது இதை அல்ல, இது கடல்காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, திரும்பவும் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் கண்ணை மூடி வெகுநாளாகியிருந்தது.

தண்ணீரின் சத்தம் மாறியபோதுதான் கண் திறந்தேன். மணலைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக அலை குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் அக்கா துண்டை வீசிக் கத்துகிறார். வாய் அசைகிறது, குரல் வரவில்லை.

பதறி இறங்கினேன். முழங்கால், பிறகு தொடை. தீவில் வளர்ந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. பாதிகூடப் போகவில்லை, பாதத்துக்கடியில் மணல் உருவிக்கொண்டு போனது. விழுந்தேன். உப்பு மூக்கில் ஏறியது. பச்சை, வெளிச்சம், பச்சை. பிறகு ஒரு கை என் தோளைக் கவ்வியது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அக்கா வந்திருந்தார்.

"கழுத்த விடுங்க! இடுப்பப் புடிங்க! கழுத்தப் புடிச்சா ரெண்டு பேரும் சேந்து மாதாகிட்ட போவோம்!"

ஒரு அலை இருவரையும் முழுக்க மூடியது. அவருடைய பிடி மட்டும் தளரவில்லை. கயிற்றின் மறுமுனையைத் தோளில் சுற்றி, குதிகாலை மணலில் ஊன்றி, அண்ணன் எங்களை அங்குலம் அங்குலமாக இழுத்துப் போட்டார்.

இருமி முடிக்கிறவரை அக்கா என் முதுகைத் தட்டினார். பிறகு வெடித்தார்.

"பாகலா நீங்க, பைத்தியமா? கரைக்காத்து எழும்புனா நிக்காதீங்கன்னு சொன்னேன்லா!"

"கரைலேருந்து காத்தே வரலியே அக்கா" என்றேன் அழுகையோடு. "கரை அந்தப் பக்கம்ல இருக்கு. இது கடல்லேருந்துதான வருது?"

அக்கா கிழக்கே பார்த்தார், காடு. மேற்கே பார்த்தார், கடல்.

"எங்கப்பா இதத்தான் கரைக்காத்தும்பாரு" என்றார் மெதுவாக. "மேக்கேருந்து வந்தா கரைக்காத்து. நானும் பொறந்ததுலேருந்து அப்படித்தான் சொல்லுதேன்."

அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "எங்க ஊர்ல மேக்க கரை, கெழக்க கடல். அதனால மேக்காத்து கரைக்காத்து. உங்கப்பா கப்பல் ஏறும்போது அந்தப் பேரையும் சேத்து மூட்டை கட்டிட்டு வந்திருக்காரு. மேடத்துக்கிட்ட நீ மேக்காத்த பஸ்சிம் ஹவான்னு இந்தில சொல்லித் தொலைச்சிருந்தா, அவங்க அப்பவே ஓடி வந்திருப்பாங்க."

"தமிழாளாச்சேன்னு ஆசையா தமிழ்ல சொன்னேன்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எனக்கும். நனைந்த துணியோடு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் வெகுநேரம் குலுங்கினோம்.

காற்று தணியும்வரை டிங்கியின் மறைவில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மட்டும் எழுந்துபோய் மேற்கைப் பார்த்து நின்றார்.

"ஏங்க, இப்படியே நேராப் போனா என்ன வரும்?"

"என்ன வரும், மெயின்லேண்டுதான். நம்ம சொந்தக்காரங்க துணி காயப்போட்டிருப்பாங்க."

"அப்ப அப்பா சொன்னது தப்பில்ல. இது கரையிலேருந்து வாற காத்துதான். கரை கொஞ்சம் தூரத்துல இருக்கு, அவ்வளவுதான்."

தான் பார்த்திராத ஒரு கரையிலிருந்து வந்த காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, தலைமுடியெல்லாம் பின்னால் பறக்க, அக்கா நின்ற நிற்பு என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்காமல் இருந்திருந்தால், நானும் அந்த ஓடுகளோடு ஒன்றாகக் கிடந்திருப்பேன்.

அதன் பிறகு, யாராவது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னால்கூட, உடனே தலையாட்டுவதில்லை. அதைச் சொல்கிறவர் மனதில் எந்தக் கரையில் நின்று சொல்கிறார் என்று ஒரு நிமிடம் காத்திருந்து கேட்டுக்கொள்கிறேன்.