மணலைக் கண்டு போட்ட குலவை

தண்ணீர் வற்றும் என்று தெரியும். கலங்கும், நாறும், பாசி பிடிக்கும் என்றும் தெரியும். ஆனால் பட்டப்பகலில், சொந்தக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் கண்ணெதிரே ஓடிப்போகும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாரும் என்றிருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில், மணிமுத்தாறு போகிற ரோட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில், எங்கள் தோட்டத்தில் அது நடந்தது.

தோட்டம் என்று சொல்வது பெருமைக்குத்தான். வாங்கும்போது அது கல்லும் முள்ளுமான ஒரு சரிவு. என் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு படி ஏறினால் இளைக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவார். பஞ்சை விட்டு வெளியே வந்தால்தான் ஆள் தேறுவார், இல்லையென்றால் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் வந்ததை அப்படியே அந்தச் சரிவில் போட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இவ்வளவு கல்லையும் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள், அம்மி கொத்தி விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன். அவர் என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார்.

சரிவின் உச்சியில் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் நாணல் புதருக்குள் ஒரு குடம் முங்குகிற அளவுக்குக் குழி. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் சத்தமே இல்லாமல் ஊறி, குழி நிறைந்து, வழிந்து புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. கோடையிலும் நிற்காது என்றார். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். பல் கூசியது. அதற்கப்புறம் நான் கல்லைப் பற்றிப் பேசவில்லை.

அந்த ஊற்றை நம்பித்தான் எல்லாம். கரண்டு கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டால் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். இங்கே மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம், ஒரு குழாயைப் போட்டால் தண்ணீர் தானே இறங்கும். கீழே எலுமிச்சையும் வாழையும் வைத்தோம். கன்றுகள் வேர் பிடிப்பதற்குள் மனுஷர் ஆளே மாறிப்போனார். இளைப்பு குறைந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்காமல் பாறை வரைக்கும் ஏறினார். ஒருநாள் மேலே இருந்து என்னைக் கூப்பிட்டார். அந்தச் சத்தம் கீழே ரோடு வரைக்கும் கேட்டது. இவருக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்பதே கல்யாணம் ஆன நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வாழை குலை தள்ளும் நேரத்தில் தண்ணீர் போதவில்லை. ஊற்று குறையவில்லை, எங்கள் பயிர்தான் கூடிவிட்டது. வழிந்து வீணாகிற தண்ணீரைத் தேக்க ஒரு தொட்டி மாதிரி அகலப்படுத்தினால் போதும் என்று இவர் சொன்னார். அங்கேதான் இவருடைய அண்ணன், என் மூத்த அத்தான், உள்ளே புகுந்தார். மண்வெட்டியால் கொத்தினால் ஆயுசு போதாது, திருநெல்வேலியிலிருந்து பொக்லைன் வருகிறது, பாதி நாளில் குளமே வெட்டிவிடலாம் என்றார். ஆழம் போகப் போகத் தண்ணீர் கூடும் என்றும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. மறுக்க எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஏனென்றால் நாங்கள் எல்லாருமே ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். தாமிரபரணி மெலிந்து ஒரு ஓரமாக ஓடுகிற மாதங்களில், குடிதண்ணீருக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவோம். முதலில் ஈர மணல் வரும், அப்புறம் கலங்கல். அதைச் சிரட்டையால் இறைத்து வெளியே ஊற்ற வேண்டும். இன்னும் தோண்டினால் பருமணல், நறுநறுவென்று கைக்குத் தட்டுப்படும். பருமணல் வந்துவிட்டதா, குடத்தைக் கொண்டு வா என்று அர்த்தம். கண்ணாடியாகத் தெளிந்த தண்ணீர் வந்து நிற்கும். நடை பழகும் முன்னாலேயே எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும். மலையடி ஊற்றுக்கும் இதே சட்டம்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

பொக்லைன் லாரியில் வந்து இறங்கிய அன்று காலையிலேயே ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கிணறு வெட்டித் தண்ணீர் கண்டால் அங்கேயே பொங்கல் வைப்பது வழக்கம். தண்ணீர்தான் முன்பே இருக்கிறதே என்று, மதினிமார் முதல் வேலையாக ஊற்றில் பானையை முக்கி எடுத்து அடுப்பேற்றிவிட்டார்கள். டிரைவர் சேலம் பக்கத்து ஆள். எங்கே சொன்னாலும் தோண்டுவார், எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார். நாணல் புதர் ஒரே வாரலில் போயிற்று. அது போன வேகம் எனக்கு என்னவோ போல இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக எதற்குப் பேச வேண்டும் என்று பேசாமல் இருந்தேன்.

வாளி இறங்க இறங்கத் தண்ணீர் கூடியது. செம்மண் கலங்கலாக முழங்கால் அளவுக்குத் தேங்கியது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளேயே இறங்கி நின்றார். முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை. அப்புறம் வாளியில் கருநீலமாக ஒரு களிமண் வந்தது. பிசின் மாதிரி இரும்பில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. டிரைவர் இயந்திரத்தை நிறுத்தி, போதுமா, சாப்பிடப் போகலாமா என்று கேட்டார்.

அத்தான் விடவில்லை.

“சேறுதான வருது. சேத்துக்கு அடியிலதான் வே மணலு கெடக்கும். இன்னும் கொஞ்சம் பைய எறக்கும்.”

வாளி இன்னொரு தடவை இறங்கியது. மேலே வந்தபோது அதில் பருமணல். சின்னச் சின்னக் கூழாங்கல்லோடு, வெயிலில் மினுமினுவென்று. அத்தான் ஒரு கை அள்ளி உள்ளங்கையில் வைத்து எல்லாரிடமும் காட்டினார். பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டோம். நானும் போட்டேன், நாக்கு வலிக்கிற அளவுக்குப் போட்டேன். பானையும் அப்போதுதான் பொங்கியது.

குலவை ஓய்ந்ததும் ஒரு சத்தம் கேட்டது. குடத்தைக் கவிழ்த்தால் வருமே, அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். முழங்கால் அளவு நின்ற தண்ணீர் இவருடைய கணுக்காலில் நின்றது. தேங்கியிருந்த அளவுக்குப் பள்ளத்தின் சுவரில் ஈரக்கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே வெறும் மண். நடுவில் ஒரு சுழி. சுழியைச் சுற்றி ஒரு நாணல் தட்டை சுற்றிச் சுற்றி வந்து உள்ளே போயிற்று. அவ்வளவுதான், காலடியில் ஈர மணல் மட்டும் மிச்சம்.

என் கையில் அகப்பை இருந்தது, அதைப் பிடித்தபடியே நின்றேன். இவர் குனிந்து, அந்த நீலக் களியைக் கைகொண்ட மட்டும் வாரிக் குழியில் அமுக்கினார், மேலே ஏறி மிதித்தார், மறுபடியும் வாரினார். பாறை இடுக்கில் தண்ணீர் வழக்கம்போல ஊறிக்கொண்டுதான் இருந்தது. ஊறி, மண் சுவர் வழியாக இறங்கி, மணலைத் தொட்டதும் காணாமல் போயிற்று. ஒரு சொட்டுகூடத் தரையில் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் களிதான் இத்தனை காலமும் தண்ணீரை ஏந்திக்கொண்டிருந்த தட்டு. அதைத்தான் கிழித்துவிட்டுக் குலவை போட்டிருக்கிறோம்.

வந்தவர்களைப் பட்டினியாக அனுப்ப முடியுமா? இலை போட்டேன். பொங்கலை வைத்தேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். சாப்பிட்டு எழுந்த அத்தான் பழக்கதோஷத்தில், கை கழுவத் தண்ணி எங்க என்று கேட்டுவிட்டார். எனக்குள் என்னவோ அறுந்தது.

“மணல மட்டும் அள்ளிக் காட்டுனியள்லா அத்தான். இப்பம் தண்ணியக் காட்டுங்க.”

வயசுக்கு மூத்தவரை ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. அவர் எச்சில் கையோடு நின்றார். பிறகு இலையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்தார். பாவம் என்று அப்புறம் தோன்றியது. அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் இவர் எங்கோ போய்விட்டு மத்தியானம் வந்தார். வந்ததும் மண்வெட்டியை எடுத்தார். பொக்லைன் வெளியே கொட்டிய களியைத் திருப்பி உள்ளே கொண்டுபோய், குழைத்து, மிதித்து, ஓட்டையை அடைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ரெண்டு பேருமாகச் சுமந்தோம். ஒருநாள் அடைத்த இடத்தில் ஒரு சாண் தண்ணீர் நிற்கும், எனக்கு உயிர் வந்துவிடும். விடிந்து போய்ப் பார்த்தால் ஓரமாக வேறு வழி பார்த்துப் போயிருக்கும். சிமெண்டும் போட்டுப் பார்த்தோம், அதற்கடியிலும் போயிற்று. போன தண்ணீர் கீழே எங்காவது தலை காட்டுகிறதா என்று ஓடை, பள்ளம் எல்லாம் தேடினேன். எங்கேயும் காணோம். குலை தள்ளிய வாழை ஒவ்வொன்றாக ஒடிந்து தொங்கியது. ஆனாலும் நான் விடவில்லை. சாரல் விழுந்தால் களி இறுகிவிடும், ஆனி வரட்டும், சரியாகிவிடும் என்று இவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆமா என்பார், களி சுமக்கிற சட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்.

அப்படி ஒருநாள் சாயங்காலம் நான் ரோட்டோரத்தில் விறகு கட்டிக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் ஒரு ஆள் வந்து இறங்கினார். மில்லில் இவரோடு வேலை பார்த்தவர். இப்போது கழிவுப் பஞ்சு அடிக்கிற ஒரு ஷெட்டில் மேஸ்திரி. கழிவுப் பஞ்சு ஷெட் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். மில்லில் காற்றில் கொஞ்சம் பஞ்சு இருக்கும், அங்கே பஞ்சுக்குள் கொஞ்சம் காற்று இருக்கும்.

“அண்ணாச்சி கேட்ட வேலை சரியாயிட்டுன்னு சொல்லிருங்க மதினி. திங்கக்கிழம வரச் சொல்லுதாவ.”

ஆள் மாறி வந்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். எப்போது வந்து கேட்டார் என்றேன்.

“பொங்க வச்சியள்லா, அதுக்கு மறுநாளே காலையில வந்துட்டாவளே.”

விறகை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஓடினேன். இவர் பள்ளத்துக்குள் நின்று களி மிதித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் நீலச் சேறு. இனித் தண்ணீர் நிற்காது என்று மறுநாளே தெரிந்துவிட்டதா உங்களுக்கு, தெரிந்துமா இவ்வளவு நாளும் சுமந்தீர்கள், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை.

“நீ நம்பிக்கிட்டு இருந்தியே பிள்ள. நான் என்னத்தச் சொல்ல?”

கிடந்த சட்டியை எடுத்துப் பாறை மேல் எறிந்தேன். அது உருண்டு போய் எங்கோ விழுந்தது. அழுகைகூட வரவில்லை, மூளையே நின்றுபோன மாதிரி இருந்தது. அவர் மேலே ஏறி வந்தார். ஏறுகிற வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். வேலைக்கே போகவில்லை, அதற்குள் ஏன் இளைக்கிறது என்று ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள ஏதாவது துணி இருக்கிறதா என்று கேட்டார். பெட்டியைத் திறந்து, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன நூல் சேலை ஒன்றை எடுத்துக் கிழித்தேன். இரண்டாக மடித்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பிரித்து, நாலாக மடித்துப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். மூச்சு விட முடியுதா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.